இறால் பண்ணையில் புதிதாகச் சேருகிறீர்களா? வேலைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சீர்காழி, தரங்கம்பாடி, வேதாரண்யம், பட்டுக்கோட்டை என்று டெல்டாவின் கரையோரம் நெடுக இறால் பண்ணைகள் இருக்கின்றன. குஞ்சு விடும் பருவம் வந்தால் ஒவ்வொரு பண்ணையிலும் புது ஆட்கள் சேருவார்கள். வயல் வேலை பார்த்தவர், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், டிப்ளமோ முடித்த பையன், ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்தவர் எனப் பலரும் இருப்பார்கள். தீவனம் வீசுவது எப்படி, செக் ட்ரே (இறால் தீவனத்தைத் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) தூக்கிப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மின்சாரம், ஆழம், பிளீச்சிங், பாம்பு பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அவசரம்தான். இப்போது பெரும்பாலும் வளர்ப்பது வனாமி என்ற இறால் வகை. ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விட அனுமதி இருக்கிறது. அவ்வளவு உயிர் அடர்ந்து கிடக்கும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுபோனால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். விடியற்காலை என்றால் இன்னும் மோசம். இறால் மேலே வந்து கரையோரமாகச் சுற்ற ஆரம்பிக்கும். மூன்று மாத உழைப்பும் பல லட்சம் ரூபாயும் கண்ணெதிரே போகிறதே என்று பதறி, மெயினை நிறுத்தாமல் ஒருவர் தண்ணீரில் இறங்குவார். விபத்து நடப்பது அந்த நிமிடத்தில்தான்.

ஆகவே கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல், அந்த நிமிடம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மீதி, வந்துவிட்டால் என்ன செய்வது என்பது.

முதல் நாள்

வேலையைத் தொடுவதற்கு முன் சூப்பர்வைசரோடு பண்ணையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே, எந்த ஸ்டார்ட்டர் எந்தக் குளத்துக்கு, ஜெனரேட்டர் எங்கே, மருந்துக் கொட்டகை எங்கே, மதகு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் குளத்தின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பெயின்ட் எடுத்து எழுதச் சொல்லுங்கள். "மூணாவது பெட்டிதான் அஞ்சாம் குளம்" என்று வாய்க்கணக்கில் ஓடும் பண்ணையில் புது ஆள் இருட்டில் தவறான ஸ்விட்சைத்தான் அமுக்குவார்.

அடுத்து, 108 வண்டி வரும் வழி. பண்ணைகளுக்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் கிடையாது. எந்த மெயின் ரோடு, எந்த பஸ் நிறுத்தம், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த வாய்க்கால் பாலத்தில் திரும்ப வேண்டும் என்பதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவையுங்கள். போன் எடுத்தவர் பதற்றத்தில் யோசிக்காமல் படித்துக் காட்ட வேண்டும். வண்டிக்கு வழிகாட்ட ரோட்டில் போய் நிற்கப்போவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. நீச்சல் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, ஈரல் கோளாறு இருந்தால் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைவில்லை என்றால், சேருவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஏரேட்டர் என்பது மிதவை மேல் உட்கார்ந்திருக்கும் மோட்டார். கரையிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் போகிறது. கேபிள் வெயிலில் காய்ந்து, உப்பில் ஊறி, எலி கடித்து, காற்றில் கயிறோடு உரசிக்கொண்டே கிடக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நனைந்த உடம்புக்குத் தடை மிகக் குறைவு. வீட்டில் லேசாகச் சுள்ளென்று போகும் கசிவு இங்கே ஆளை முடித்துவிடும்.

அதனால் விதி ஒன்றுதான்: மின்சாரம் இருக்கும் குளத்தில் ஆள் இறங்கக் கூடாது. பாசியை எடுப்பதோ கயிற்றை இழுத்துக் கட்டுவதோ எதுவானாலும் சரி, ஐந்து நிமிட வேலையானாலும் சரி.

நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது. நம் பக்கத்துப் பெட்டிகள் பலவற்றில் ஆட்டோ ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் துடுப்புச் சக்கரத்தில் சுற்றிய பாசியைக் கையால் பிய்த்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தால், ஷாக் அடிக்காவிட்டாலும் கை போய்விடும். சரியான முறை இது: பொத்தானை அமுக்குங்கள், அந்தக் குளத்தின் மெயினை இறக்குங்கள், ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்குங்கள், பிடுங்கியதை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கட்டை உங்களிடம் இருக்கும்வரை வேறு யாரும் அந்தக் குளத்துக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. பிரேக்கர் வைத்த புது பேனல் என்றால் அதை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, நான் குளத்துல இறங்குறேன், கரண்ட் போட்டுறாதீங்க" என்று கூவிச் சொல்வது நல்லதுதான். ஆனால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அண்ணன் காதில் அது விழுந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈ.பி. கரண்ட் போயிருக்கிறது என்பதற்காக லைன் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் யாராவது ஜெனரேட்டரைப் போட்டு, லைனை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சைத் திருப்பியிருக்கலாம்.

முதலாளியிடம் கேட்க வேண்டியது: 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர் ஒவ்வொரு குளத்து லைனிலும் இருக்கிறதா? எர்த் கம்பி ஏரேட்டர் வரைக்கும் போகிறதா, பெட்டியோடு நிற்கிறதா? பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடும் பழக்கம் சில பண்ணைகளில் இருக்கிறது. பிரேக்கர் விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடிச் சரிசெய்யும்வரை அந்தக் குளத்தில் இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேபிள் ஒட்டுகள் தண்ணீரில் கிடக்கக் கூடாது, டேப் சுற்றியிருந்தாலும்தான். ஒட்டு இருந்தால் அது கம்பத்தின் மேல், தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும். பெட்டியைத் தொடும் கை காய்ந்திருக்க வேண்டும், கால் ரப்பர் பூட்ஸில் இருக்க வேண்டும், கீழே மரப்பலகையோ ரப்பர் மேட்டோ கிடக்க வேண்டும்.

யாராவது தண்ணீரில் விறைத்துப்போய் நிற்பதையோ விழுந்து கிடப்பதையோ பார்த்தால் குதித்துவிடாதீர்கள். முதலில் மெயினுக்கு ஓடுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்த கதை இந்தக் கரையோரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் கிடைக்கும். மெயினை இறக்கிய பிறகு கரையேற்றுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். ஆள் மாற்றி ஆள் செய்யலாம்.

இப்போது அவசரத்துக்கு வருவோம். ஏரேட்டர் நின்றால் பதற்றம் வராமல் இருக்க, வேண்டியவை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சுமார் 500 கிலோ இறாலுக்கு ஓர் எச்.பி. ஏரேட்டர் என்பது பொதுவான கணக்கு. கணக்குக்கு மேல் ஓரிரண்டு ஏரேட்டர் உபரியாக இருந்தால் ஒன்று நின்றாலும் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். ஜெனரேட்டரைத் தினமும் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். டீசல் அளவை மாலையிலேயே பாருங்கள். ஆக்சிஜன் குருணை இரண்டு மூட்டை கொட்டகையில் இருந்தால், கரையில் நின்றே வீசிக் கொஞ்ச நேரத்தைச் சம்பாதிக்கலாம். தீவனத்தை உடனே நிறுத்திவிடலாம். இவ்வளவும் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் இருட்டில் குளத்தில் குதிக்க மாட்டார்.

ஜெனரேட்டரை நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் ஓட்டக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழைக்குப் பயந்து அதே கொட்டகையில் படுத்துத் தூங்குவது இன்னும் ஆபத்து.

தண்ணீர்

குளத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணீர்தானே என்று தோன்றும். மண்குளத்தில் நடுவில் சேறு வாங்கும். லைனர் போட்ட குளம் இன்னும் மோசம். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஒரு மாதத்தில் பாசி படிந்துவிடும். அந்தச் சரிவில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் ஏறி வர முடியாது. கால் வைத்தால் வழுக்கும், பிடிக்க ஒன்றுமிருக்காது, நாலு முறை முயன்றதும் மூச்சு வாங்கிவிடும். ஆகவே லைனர் குளத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் முளையில் கட்டிய கயிறு தண்ணீர் வரை தொங்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் பிடிக்க வசதியாக இருக்கும். பழைய கார் டயரை நறுக்கிப் படிபோல் கட்டித் தொங்கவிடுவதும் நல்ல யோசனை.

தெர்மோகோல் தெப்பத்தில் நின்று தீவனம் வீசுபவர் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். புழுக்கமாக இருக்கும், உண்மைதான். ஆனால் தெப்பம் கவிழ்வது சாதாரணமாக நடப்பது. லுங்கி, வேட்டியோடு ஏரேட்டர் பக்கம் போக வேண்டாம். அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தீவனம் வீச ஏரேட்டரை நிறுத்தியிருந்தால், தெப்பம் கரையில் கட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

மூழ்கியவரை மீட்கும்போது முதலில் கயிற்றையோ காலி கேனையோ வீசுங்கள். கரையில் கொண்டுவந்து போட்டதும் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். அதில் போகும் நேரம் உயிருக்கான நேரம். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மேலே சொன்னபடி மார்பை அழுத்துங்கள்.

குழந்தைகளைப் பண்ணைக்குள் விடக் கூடாது. குடும்பத்தோடு தங்கும் வாட்ச்மேனின் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்றால் வேலி போட்ட ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மருந்துக் கொட்டகை

ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நிறுத்தி 60 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 60 பங்கு) பிளீச்சிங் போட வேண்டுமென்றால் 600 கிலோ வேண்டும். 25 கிலோ மூட்டையில் 24 மூட்டை. அவ்வளவையும் வாளியில் கரைத்துத் தெளிப்பது நீங்கள்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் தூசி கொஞ்சம் குறையும், குளோரின் வாயு குறையாது. கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், கண்ணாடி, முழங்கை வரை கையுறை, பூட்ஸ் கேளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று தெளிக்க வேண்டும். கடலோரத்தில் பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும், எழும்பும். அதனால் விடிந்ததும் வேலையை முடிப்பது உத்தமம். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

பிளீச்சிங்கோடு எதையும் கலக்காதீர்கள். அமிலம் பட்டால் குளோரின் பீறிடும். டீசலோ எண்ணெயோ பட்டால் தீப்பிடிக்கலாம். யூரியாவோடு, ஃபார்மலினோடு ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது. ஒன்றுக்குப் பயன்படுத்திய வாளியை இன்னொன்றுக்கு எடுக்கவும் கூடாது. வாயு கிளம்பிவிட்டால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, மேடான இடத்துக்கு ஓடுங்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணில் பட்டதும் நல்ல தண்ணீரால் 20 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருங்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இதற்காகவே கொட்டகை வாசலில் ஒரு டிரம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீர் இதற்கு ஆகாது.

கழிவுக்குழி, நடுக்குழி, மூடிய வடிகால் தொட்டி இவற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். மூடிய தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, உள்ளே விழுந்தவரைத் தூக்கவும் இறங்கக் கூடாது. மேலிருந்து கயிறு போட முடியாவிட்டால் 112-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள்.

இரவு வேலை

ராத்திரி ஒருவரை மட்டும் விட்டு நடத்தும் பண்ணையில் சேர வேண்டாம். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் கரை சுற்றும்போது இன்னொருவர் ஸ்டார்ட்டர் கொட்டகையில் இருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் கூட்டமாகச் சட்டை உரிக்கும். அந்த இரவுகளில் ஆக்சிஜன் தேவை கூடுதல், தூக்கம் குறைவு. பகலில் அந்த இரண்டு பேருக்கும் வேலை கொடுக்காமல் தூங்க விட வேண்டும்.

டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் கரையில் நடக்காதீர்கள். கரையில் புல் இருந்தால் எலி இருக்கும், தீவன மூட்டை இருந்தால் கட்டாயம் இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். கண்ணாடி விரியன் புல்லில் கிடக்கும். கட்டுவிரியன் தூங்குபவரைத் தேடி வருவதுபோல் தரைப்படுக்கைக்குள் நுழையும். அது கடித்தால் வலி பெரும்பாலும் தெரியாது, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. தரையில் படுத்து எழுந்தவர் காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது, இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டில், அதற்கு மேல் கொசுவலை, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது. இவ்வளவு செய்தாலே கட்டுவிரியனிடமிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் கம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை.

குடித்துவிட்டு இரவு வேலைக்கு வரும் ஆள் உங்களுடன் இருந்தால் முதலாளிக்குச் சொல்லுங்கள். சக ஆளைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். ஆபத்து வந்தால் உங்கள் மெயினை இறக்க வேண்டியவர் அவர்தான்.

உடம்பு

இறாலின் தலைமுள் விரலில் குத்துவது தினம் நடக்கும். உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இருக்கும். இறாலைக் கொல்லும் விப்ரியோ ஒரு பக்கம் இருக்க, மனிதனின் சதையைத் தின்னும் வகையும் அதில் உண்டு. சர்க்கரை, ஈரல் கோளாறு உள்ளவருக்கும் அதிகம் குடிப்பவருக்கும் அது வேகமாகப் பரவும். குத்திய இடம் சில மணி நேரத்தில் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், பண்ணைத் தண்ணீரில் வேலை பார்ப்பதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வைத்தியத்தையே மாற்றும். மழைக்காலத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் இதே வாக்கியம்தான். புண்ணோடு குளத்தில் இறங்க வேண்டியிருந்தால் தண்ணீர் புகாத பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் 11 முதல் 3 மணி வரை கனமான வேலை வைக்காதீர்கள். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

தீவனம்

செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். இதைப் பாதுகாப்போடு ஏன் சேர்க்கிறேன் என்றால், வீணான தீவனம்தான் அடியில் கறுப்புச் சேறாகி, ஆக்சிஜனைத் தின்று, அந்த நடுராத்திரி அவசரத்தைக் கொண்டுவருகிறது. செக் ட்ரேயைத் தூக்கிப் பார்க்கும்போது நேரமெடுத்துப் பாருங்கள். தட்டில் குருணை மிச்சமிருக்கிறதா? இரண்டு இறாலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முதுகில் குடல் கோடு தலையிலிருந்து வால் வரை அறுபடாமல் கருத்த பழுப்பாக ஓட வேண்டும். கோடு விட்டு விட்டு இருந்தால், வெளிறியிருந்தால், தண்ணீர் மேல் வெள்ளை நூல்போல் கழிவு மிதந்தால், அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைத்துவிட்டு டெக்னீசியனுக்குச் சொல்லுங்கள். நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "நார்மல்" என்று பழக்கத்தில் எழுதிய நோட்டால் யாருக்கும் பயனில்லை.

அறுவடை

இரவு இரண்டு மணிக்கு வலை இழுக்க வெளியாட்கள் இருபது பேர் வருவார்கள். பண்ணை அவர்களுக்குத் தெரியாது. ஏரேட்டர் லைனை முழுக்க நிறுத்திவிட்டு, ஹாலஜன் விளக்கின் வயர் தரையில் கிடக்காமல் கம்பத்தில் ஏற்றிக் கட்டிய பிறகுதான் அவர்களை இறக்க வேண்டும். ஐஸ் வண்டியும் கன்டெய்னர் வண்டியும் கரையில் பின்னோக்கி வரும்போது ஒருவர் டார்ச்சோடு நின்று வழிகாட்டட்டும். ஈரக் கரையின் ஓரம் சரிந்து வண்டி குளத்துக்குள் போகும். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் பயன்படுத்தினால் திறந்தவெளியில் கலக்குங்கள். அதிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு நெஞ்சை அடைக்கும், மூடிய இடத்தில் உயிரையே வாங்கியிருக்கிறது.

இறாலை மூச்சுத் திணறித் துடிக்க விடாமல் வலையிலிருந்து நேராக ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அதுவே இரக்கம், தரமும் அதுவே. தரம் பிரிக்க வரும் பெண்களுக்குக் கழிப்பறையும் கையுறையும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

புயல் மழை

ஐப்பசி, கார்த்திகையில் குளத்தில் இறால் வைத்திருக்கும் பண்ணை குறைவு, ஆனால் காவலுக்கு ஆள் இருப்பார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது கடலோரக் கொட்டகைகளில் மிஞ்சியது கொஞ்சம்தான். எச்சரிக்கை வந்தால் மெயினை இறக்கிவிட்டுப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். மோட்டாருக்குக் காவல் இருக்க வேண்டாம். இடி மின்னலின்போது நாற்புறமும் வெட்டவெளியான கரையில், தெப்பத்தில், மின்கம்பத்தடியில் நிற்காதீர்கள்.

மருந்து, தண்ணீர், பக்கத்து வயல்

இறால் வளர்ப்புக்கு இந்தக் கரையோரத்தில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. குடிநீர் உப்பாகிறது, வயல் பாழாகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் வந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைந்தது. பதிவில்லாமல் பண்ணை நடத்தக் கூடாது. நீங்கள் சேரும் பண்ணையின் பதிவுச் சான்றைப் பார்க்கக் கேளுங்கள். கழிவுநீரைத் தேக்கித் தெளிய வைக்கும் குளம் இல்லாமல் வனாமி வளர்க்கவும் அனுமதி கிடையாது. பண்ணைக்குப் பக்கத்தில் கைப்பம்போடு வாழ்பவர்களில் உங்கள் சொந்தக்காரரும் இருக்கலாம். அவர்கள் தண்ணீரில் உப்புக் கூடுகிறது என்று சொன்னால் வாய்ச்சண்டைக்குப் போகாமல் கரைக்கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆன்டிபயாடிக் பக்கமே போகாதீர்கள். குளோராம்பெனிக்காலும் நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளும் தடை செய்யப்பட்டவை. மிகச் சிறிய அளவு எச்சம் கண்டுபிடிக்கப்பட்டாலும் ஏற்றுமதி கன்டெய்னர் திரும்பிவிடும். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது, அதை எந்த ஆன்டிபயாடிக்கும் குணப்படுத்தாது. பெயரில்லாத பாக்கெட்டைக் காட்டி "இது புரோபயாடிக்தான், போட்டுப் பாருங்க" என்று வருபவரிடம் லேபிளைக் கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

குளத்துக்குக் குளம் வலை, வாளி, செக் ட்ரே மாற்றாதீர்கள். பண்ணைக்குள் வரும்போதும் போகும்போதும் பெர்மாங்கனேட் தொட்டியில் காலை நனையுங்கள். நண்டு வேலி எங்கேயாவது சாய்ந்திருந்தால் அன்றைக்கே நிமிர்த்துங்கள்.

வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால் மனசு உடையும். மதகைத் திறந்து எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டால் போதும் என்றிருக்கும். அந்தத் தண்ணீரை அதே வாய்க்காலில் நாளைக்குக் காலையில் அடுத்த பண்ணைக்காரர் பம்ப் வைத்து இழுப்பார். செத்த இறாலை அரித்தெடுத்துச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், காகமும் நாயும் இழுக்காதபடி. குளத்தில் பிளீச்சிங் போட்டுச் சில நாள் அடைத்து வைத்து, குளோரின் முழுக்க இறங்கியதைச் சோதித்த பிறகே தண்ணீரை விட வேண்டும். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், வாய்க்காலில் மேலும் கீழும் இருக்கும் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் போன் போட்டு எந்தக் குளம், என்றைக்கு வந்தது என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் மதகுப் பலகையை இறக்கி, இடுக்கில் களிமண் அணைத்துப் பூட்டிவிடுங்கள்.